எங்களுக்கு இடுப்பு வலி

மேல போர்டுல மனநலப் பிரிவுன்னு போட்டிருக்கே, அதைப் பாத்து நீங்க ஒண்ணும் நினைச்சுக்கிறாதீங்க தாயி. எங்களுக்கு இடுப்பு வலி. எங்களுக்குன்னா, எங்க வீட்டுக்காரவுகளுக்கு. இடுப்புல ஆரம்பிச்சு வலது தொடை, கெண்டைக்கால்னு குதிகால் வரைக்கும் இறங்கும். உடம்பு வலி. எலும்பு டாக்டர் கீழ இருக்காக, அங்கயும் போறோம். போயிட்டுத்தான் வர்றோம். அங்க படுக்கப் போட்டு, காலைத் தூக்கு, மடக்குன்னு எக்ஸர்சைஸ் குடுக்குறாக. அது முடிஞ்சதும் மாடிக்கும் ஒரு எட்டு போயிட்டுப் போங்கன்னு சொல்லி வச்சிருக்காக. அம்புட்டுத்தான்.

நீங்க யாருக்கு வந்திருக்கீங்க? தம்பிக்கா. தூக்கம் இல்லையா. பாவம். சின்ன வயசுதானே, சரியாயிரும். எங்களுக்கு அப்படி இல்ல. தூங்க மாட்டாகதான், ஆனா அது வலியில. புரண்டு படுக்க முடியாதுல்ல, எப்படித் தூக்கம் வரும்?

இந்தா, இந்தப் படத்தைக் கொஞ்சம் வெளிச்சத்துல பிடிச்சுப் பாருங்க. ஸ்கேன் படம். அடியில இருந்து ரெண்டாவது எலும்புக்குக் கீழ ஒண்ணு பிதுங்கிக்கிட்டு நிக்கிதுல்ல, அதுதான் டிஸ்க். அது நரம்பைத் தொடுது. தெரியுதா? நல்லாத் தெரியுதுல்ல? அதைத்தான் சொல்றேன். கண்ணால பாக்குற பொருளு. இல்லாததையா எந்திரம் படம் பிடிக்கும்?

அவுக பஸ் டிரைவரு. அரசு பஸ். தவசின்னு பேரு. புருசன் பேரைச் சொல்லி எனக்குப் பழக்கமில்ல, இந்த ஆஸ்பத்திரிக்கு வந்து வந்து பழகிருச்சு, ஜன்னலுக்கு ஜன்னல் கேக்குறாகளே. அருப்புக்கோட்டை மதுரை லைன்ல இருபது வருசத்துக்கு மேல ஓட்டுனாக. ஒரு கோழி மேல ஏத்துனது கிடையாது. பிள்ளத்தாச்சிக, கைக்குழந்தைக்காரிக எல்லாம் ஒரு வண்டியை விட்டுட்டு அவுக வண்டிக்குன்னு நின்னு ஏறுவாளுக. அவுக பிரேக் போட்டா மடியில தூங்குற பிள்ளை முழிக்காதும்பாளுக. அப்படி ஒரு காலு அது. அந்தக் காலுதான் இப்ப வலிக்கிது.

இருபது வருசமா அந்தச் சீட்டுல உக்காந்தா யாருக்குத்தான் இடுப்பு போகாது? ரோடு கெடக்குற கெடப்பு அப்படி. என்ஜின் சூடு வேற. இது எல்லாருக்கும் தெரிஞ்ச விசயம். ஆனா டெப்போவுல என்ன பேசுனாக தெரியுமா? தவசி நடிக்கிறான். ஆக்சிடெண்ட் ஆனதுல பயந்துட்டான், வண்டி எடுக்கப் பயந்துக்கிட்டு இடுப்பைப் பிடிச்சுக்கிட்டு நடக்குறான். இப்படிப் பேசுனாக. அவுக அண்ணன், எங்க மச்சாண்டாரு, அவரே என் முகத்துக்கு நேரா, அவனுக்கு மனசுல கோளாறு, நல்ல மன வைத்தியராப் பாருன்னாரு. நான் கதவைச் சாத்திட்டேன்.

ஆக்சிடெண்ட்டா? அது வேற விசயம் தாயி. அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. கேட்டுட்டீங்க, அதுக்காகச் சொல்றேன்.

போன ஆடி மாசம். மத்தியான டிரிப்பு. காரியாபட்டி தாண்டி ஒரு இடம். முன்னாடி ஒரு புருசன் பொண்டாட்டி பைக்ல போயிருக்காக. ரோட்டுல ஜல்லி சிதறிக் கெடந்திருக்கு. வண்டி சறுக்கி, அந்த ஆளு இந்தப் பக்கம் விழுந்தாரு, அவரு பொண்டாட்டி, சின்னப் பிள்ளைதான், அது பஸ் பக்கம் விழுந்திருச்சு. இவுக பிரேக் போட்டாக. பஸ் நின்னுச்சு. நின்னதுதான். ஆனா நிக்கிறதுக்குள்ள இடிச்சிருச்சு. இவுக மேல தப்பு இல்ல. போலீஸ் வந்து அளந்து பாத்துத் தப்பு இல்லைன்னு எழுதிட்டாக. டெப்போ விசாரணையிலயும் தப்பு இல்ல. அந்தப் புருசங்காரரே, டிரைவரைக் குத்தம் சொல்ல முடியாதுன்னு வாக்குமூலம் குடுத்தாரு. பிறகு என்ன? முடிஞ்சதுதானே?

ஆம்புலன்ஸ் வர நேரமாகும்னு ஒரு ஆட்டோவை மறிச்சு, இவுகதான் அந்தப் பிள்ளையத் தூக்கிப் போட்டுக்கிட்டுப் போயிருக்காக. மடியில தலை. கண்டக்டர் ஜெபராஜ் அண்ணன் பக்கத்துல. புருசங்காரருக்குக் கால் முறிஞ்சு அவரு பின்னால வேற வண்டியில. அந்தப் பிள்ளைக்கு நெனவு இருந்திருக்கு. இவுக முகத்தைப் பாத்துச் சொல்லியிருக்கு, “அண்ணே, பாப்பா பள்ளிக்கூடம் விட்டு வந்துருவா. வீட்டுச் சாவி என்கிட்ட இருக்குண்ணே.” அதையே திருப்பித் திருப்பிச் சொல்லியிருக்கு. சாவி என்கிட்ட இருக்கு, சாவி என்கிட்ட இருக்கு. ஆஸ்பத்திரி வாசல்ல போய் இறக்குறதுக்குள்ள பேச்சு நின்னு போச்சு.

இது இவுக சொல்லி எனக்குத் தெரியாது. ஜெபராஜ் அண்ணன் மறுநாள் வீட்டுக்கு வந்தாரு, இவுக உள்ள படுத்திருந்தாக, வாசல்ல நின்னு என்கிட்ட மெதுவாச் சொன்னாரு. நான் முழுசாக் கேட்டுட்டு, “அண்ணே, இதை இத்தோட விட்டுருங்க. அவுக முன்னாடி இந்தப் பேச்சை எடுக்காதீங்க. கொஞ்ச நாளைக்கு வீட்டுப் பக்கமும் வராதீங்க”ன்னேன். அவரு முகம் சுண்டிப் போச்சு. “அவன் பேசணும் தங்கச்சி”ன்னாரு. “அதெல்லாம் நான் பாத்துக்கிறேன்”னேன். போயிட்டாரு. இருபது வருசம் ஒரே வண்டியில ஓடுன சிநேகிதம். வருத்தந்தான் அவருக்கு. ஆனா நான் என் வீட்டைப் பாக்கணும்ல?

அன்னைக்குச் சாயந்திரம் இவுக எந்திரிச்சு அடுப்படிக்கு வந்தாக. நான் வெங்காயம் உரிச்சுக்கிட்டு இருக்கேன். பேச்சின்னாக. என் பேரு பேச்சியம்மா. பேச்சி, அந்தப் பிள்ளை என்கிட்டன்னு ஆரம்பிச்சாக. நான் எந்திரிச்சு வாயைப் பொத்திட்டேன். வாயைப் பொத்துனேன்னா, நெசமாவே இந்தக் கையால பொத்துனேன் தாயி. வெங்காயக் கை. “பேசாதீங்க. நடந்தது நடந்து போச்சு. நீங்க ஒண்ணும் பண்ணல. கோயிலுக்குப் போய் ஒரு தேங்காயை உடைச்சுட்டு வருவோம், முடிஞ்சது”ன்னேன். அவுக கண்ணு மட்டும் என் கைக்கு மேல என்னையப் பாத்துக்கிட்டு இருந்துச்சு. பிறகு தலையை ஆட்டுனாக. கோயிலுக்குப் போனோம். தேங்காய் உடைச்சோம்.

நான் என்ன நினைச்சேன்னா, பேசுனா மனசுல ஒட்டிக்கிரும். பேசாம விட்டா தன்னால காஞ்சு உதிர்ந்துரும். நீங்களே சொல்லுங்க, புண்ணை நோண்டிக்கிட்டே இருந்தா ஆறுமா? டிவியில ஆக்சிடெண்ட் செய்தி வந்தா மாத்திருவேன். பேப்பரை நான் பாத்துட்டுத்தான் குடுப்பேன். எங்க மக சுகந்தி காலேஜ்ல படிக்கிறா, அவகிட்ட, அப்பாகிட்ட இதைப் பத்தி மூச்சு விடக்கூடாதுன்னு சொல்லி வச்சேன். அவ ஒருநாள், “ஏம்மா, அப்பாவை ஒரு வார்த்தை பேச விடேன்”னா. உனக்கு ஒண்ணும் தெரியாது, போய்ப் படின்னேன். வீடு எப்படி இருந்துச்சு தெரியுமா, அம்புட்டு அமைதியா இருந்துச்சு. நல்லாத்தான் இருந்தாக. சாப்புட்டாக. கேட்டதுக்குப் பதில் சொன்னாக.

பிறகு ஐப்பசியில திரும்ப டூட்டி போட்டாக. அதே லைனு. முதல் நாளே, காரியாபட்டி தாண்டி அந்த இடத்துல வச்சு, வலது காலு பிடிச்சுக்கிருச்சு. பிரேக்ல வச்ச காலை எடுக்க முடியல. நடு ரோட்டுல பஸ் நிக்கிது. பின்னாடி வண்டிக எல்லாம் ஹாரன் அடிக்கிது. சனங்க சத்தம் போடுறாக. இவுக ஸ்டியரிங்கைப் பிடிச்சுக்கிட்டு வேர்த்துப் போய் உக்காந்திருக்காக. ஜெபராஜ் அண்ணந்தான் தூக்கி இறக்குனாரு. அன்னைக்குப் பிடிச்ச வலி.

ஐப்பசி மாசம், மழை நாளு. குளிர்ல நரம்பு இழுத்துக்கிரும். அதுதான் காரணம். அந்த இடத்துல வச்சு வந்துச்சேன்னு கேப்பீங்க. எங்கயாவது ஒரு இடத்துல வச்சுத்தானே வரணும்?

பாக்காத வைத்தியம் இல்ல. எண்ணெய் போட்டு நீவுனோம், ஒத்தடம் குடுத்தோம், கட்டுப் போடுற வைத்தியர்கிட்டப் போனோம், ஊசி, மாத்திரை எல்லாம் பாத்தாச்சு. மாத்திரை போட்டா வயிறு எரியுது, வலி அப்படியே இருக்கு. ஒரு நாள் நல்லா இருக்கும், மறுநாள் கக்கூஸுக்குப் போய் உக்கார முடியாது, எந்திரிக்க முடியாது. ஒரு ஆம்பளை, கட்டுன பொண்டாட்டியக் கூப்பிட்டுக் கையைப் பிடிச்சு எந்திரிக்கிறதுன்னா எப்படி இருக்கும்? கதவுக்கு அந்தப் பக்கம் இருந்து, “பேச்சி”ன்னு கூப்பிட்டா, கையில இருக்குறதைப் போட்டுட்டு ஓடுவேன். அப்பல்லாம் எனக்கு ஒரே ஒரு ஆசைதான், யாராவது இதுக்கு ஒரு பேரு வைக்க மாட்டாகளான்னு. நடிக்கிறான், நடிக்கிறான்னு ஊரே பேசுதே, ஊரு வாயை அடைக்கிற மாதிரி ஒரு பேரு.

இங்க மதுரையிலயே ஒரு தனியார் ஆஸ்பத்திரியில ஸ்கேன் எடுத்தோம். டிஸ்க் பிதுங்கியிருக்குன்னு அந்த டாக்டர் சொன்னாரு பாருங்க, எனக்கு உசுரு வந்துச்சு. புருசனுக்கு முதுகெலும்புல கோளாறுன்னு சொல்றாக, நான் சிரிக்கிறேன். சுகந்தி என்னைய ஒரு மாதிரியாப் பாத்தா. அந்தப் படத்தைக் கொண்டுபோய் டெப்போவுல காட்டுனேன். மச்சாண்டார் வீட்டுல காட்டுனேன். பால்காரர் முதற்கொண்டு பாத்தாச்சு. அந்த டாக்டர் ஆபரேஷன் பண்ணி அதை எடுத்துவிட்டா சரியாயிரும்னாரு. நாள் குறிச்சாச்சு, ஒரு வியாழக்கிழமை. வெட்டி எடுத்துட்டா முடிஞ்சதுல்ல? இல்லாததை யாரும் வெட்டி எடுக்க முடியாதே. அதுக்கப்புறம் எவனாவது நடிப்புன்னு பேசட்டும்.

அதுக்குள்ள டெப்போவுல இருந்து சொல்லிவிட்டாக, இங்க பெரியாஸ்பத்திரியில மெடிக்கல் போர்டு முன்னால வரணும், அவுக எழுதிக் குடுத்தாத்தான் லைட் டூட்டின்னு. லைட் டூட்டின்னா வண்டி ஓட்ட வேணாம், டெப்போவுலயே உக்காந்து செய்யிற வேலை. திங்கக்கிழமை போர்டு. வியாழக்கிழமை ஆபரேஷன்.

பஸ்ல வரும்போதே நான் சொல்லிக் குடுத்துக்கிட்டே வந்தேன். எது கேட்டாலும் இடுப்புன்னு சொல்லுங்க. ஆக்சிடெண்ட்னு வாயத் தொறக்காதீங்க. தொறந்தீகன்னா, பயந்துட்டான், மூளை கலங்கிருச்சுன்னு எழுதிப்புடுவாக. பிறகு லைட் டூட்டியும் கிடையாது, லைசென்ஸும் போயிரும், நாளைக்கு நம்ம பிள்ளையப் பொண்ணு கேட்டு வர்றவன், அப்பனுக்குப் பைத்தியமாமேன்னு திரும்பிப் போவான். எப்ப ஆரம்பிச்சதுன்னு கேட்டா அரிசி மூட்டை இறக்கும்போதுன்னு சொல்லுங்க. அவுக ஜன்னலைப் பாத்துக்கிட்டே வந்தாக. நான் சொன்னதைக் கேட்டாகளா இல்லையான்னு தெரியல. அரிசி மூட்டை இறக்குனாகளான்னா, அந்த மாசம் இறக்கல. ஆனா எப்பவும் இறக்குற ஆளுதானே.

உள்ள மூணு டாக்டர் உக்காந்திருந்தாக. நடுவுல ஒரு டாக்டரம்மா, தலை நரைச்சவுக. படத்தைப் பாத்தாக, படுக்கப் போட்டு காலைத் தூக்கிப் பாத்தாக, சுத்தியல வச்சு முழங்கால்ல தட்டுனாக. இவுகளை உக்கார வச்சுட்டு, “எப்ப ஆரம்பிச்சது?”ன்னு கேட்டாக.

“ஐப்பசியில. அரிசி மூட்டை இறக்கும்போது”ன்னேன்.

“எந்த நேரத்துல ரொம்ப வலிக்கிது?”

“எல்லா நேரமும் வலிக்கிதும்மா”ன்னேன்.

டாக்டரம்மா என்னையப் பாத்தாக. “பேச்சியம்மா, கொஞ்சம் அவரு பேசட்டும்.” பிறகு இவுக பக்கம் திரும்பி, “நீங்க சொல்லுங்க. மூட்டை தூக்கும்போதா வந்துச்சு?”

இவுக கையை மடியில வச்சுக்கிட்டு உக்காந்திருக்காக. நான் முழங்கையால இடிக்கிறேன். அந்த ரெண்டு ஆம்பளை டாக்டரும் எழுதுறதை நிறுத்திட்டுப் பாக்குறாக.

“மூட்டை எதுவும் தூக்கலங்க”ன்னாக.

“பிறகு?”

“ஒரு பிள்ளையத் தூக்குனேன்.”

நான் குறுக்க விழுந்து, “அது வேற விசயம்மா, அது ஆடியில, இது ஐப்பசியில, ரெண்டுக்கும் சம்பந்தம் இல்ல”ன்னேன். டாக்டரம்மா கையைக் காட்டி, நீங்க கொஞ்சம் வெளிய இருங்கம்மான்னாக. நான் எந்திரிக்கல. எதுக்கு எந்திரிக்கணும்? என் புருசன், நான்தானே பாக்குறேன்? அப்ப இவுக திரும்பி என்னையப் பாத்தாக. “பேச்சி, வெளிய இரு.”

கல்யாணம் ஆன நாள்ல இருந்து அப்படி ஒரு வார்த்தை என்னையச் சொன்னது கிடையாது தாயி. கோவமாச் சொல்லல. கோவமாச் சொல்லியிருந்தா நான் சண்டை போட்டு உள்ளயே இருந்திருப்பேன்.

வெளிய வந்து கதவு ஓரமா நின்னேன். ரொம்ப நேரம் நின்னேன். ஒண்ணும் கேக்கல. பிறகு ஒரு சத்தம், மேசைய இழுக்குற மாதிரி. மேசைதான் இழுக்குறாகன்னு நினைச்சேன். அது திரும்பத் திரும்பக் கேட்டுச்சு. மேசை இல்ல. இவுக அழுகுறாக. பத்து விரல்லயும் நகத்தைக் கடிச்சுக்கிட்டு நிக்கிறேன் நான். சுத்தியல வச்சுத் தட்டித் தட்டி இடுப்பைக் கிளப்பி விட்டுட்டாக, வலி தாங்காம அழுகுறாக, வேற என்ன? அப்பா செத்ததுக்கே கண்ணீர் விடாத மனுசன். அப்படின்னா எம்புட்டு வலி இருந்திருக்கும் பாருங்க.

என்னையத் திரும்ப உள்ள கூப்பிட்டப்ப இவுக முகம் கழுவியிருந்தாக. டாக்டரம்மா சொன்னாக, ஆபரேஷன் இப்ப வேணாம். இந்தப் பிதுக்கம் இருக்குறது உண்மை. ஆனா இவரு வயசுல, வலியே இல்லாதவங்களைப் படம் எடுத்தாலும் பாதிப் பேருக்கு இப்படித் தெரியும். காலுல பலம் குறையல, உணர்ச்சி குறையல. வெட்டினா வலி போயிரும்னு என்னால சொல்ல முடியாதுன்னாக.

“அப்ப நடிக்கிறாருன்னு சொல்றீங்களா?”ன்னேன். என் தொண்டை கிழிஞ்சிருச்சு.

“நான் அப்படிச் சொல்லவே இல்லம்மா. வலி நிஜம். உங்களுக்குக் கை சுட்டா எப்படி வலிக்குமோ அதே மாதிரி நிஜம்.”

“அப்ப உடம்பா, மனசா? ரெண்டுல ஒண்ணைச் சொல்லுங்க.”

அவுக பேனாவைக் கீழ வச்சாக. இவுகளைப் பாத்து, “பஸ்ல ஹாரன் சில சமயம் மாட்டிக்கிடும்ல? ரோட்டுல யாருமே இல்ல, ஆனா ஹாரன் அடிச்சுக்கிட்டே இருக்கும். உங்களுக்கு அப்படி ஆகியிருக்கா?”ன்னு கேட்டாக.

“ஆயிருக்குங்க. உள்ள வயரு ஒட்டிக்கிரும்.”

“சத்தம் பொய்யா?”

“பொய் இல்லங்க. காது கிழியும்.”

“அதுதான். அன்னைக்கு அடிக்க வேண்டிய நேரத்துல அடிச்சுச்சு. பிறகு நிக்கல. முதுகுல ஒரு சின்னக் கோளாறும் இருக்கு, அதுவும் தூண்டி விடுது. வயரு உடம்பா மனசான்னு கேட்டா நான் என்ன சொல்ல? நரம்பு உடம்புலதான் இருக்கு. பயமும் துக்கமும் அதே நரம்புலதான் ஓடுது.”

இவுக தலையை ஆட்டிக்கிட்டு உக்காந்திருக்காக, ஏதோ பெரிய உண்மையச் சொல்லிட்ட மாதிரி. எனக்கு வந்துச்சு பாருங்க ஆத்திரம். அவுக எழுதுனதுல ரெண்டு வார்த்தை இருந்துச்சு. ஒண்ணு இடுப்பு வலி. இன்னொண்ணு மனநல ஆலோசனை. நாலு மாசத்துக்கு லைட் டூட்டி, பிறகு திரும்பப் பாக்கணும். நான் கையெடுத்துக் கும்பிட்டேன். “டாக்டரம்மா, அந்த ரெண்டாவது வார்த்தைய மட்டும் அடிச்சிருங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போகும். டெப்போவுல பாத்தா சிரிப்பாக.”

“எதை அடிச்சாலும் பாதி ஆளுக்குத்தான்மா வைத்தியம் நடக்கும்”னாக. அடிக்கல.

நான் விடுவேனா? வியாழக்கிழமை ஆபரேஷனுக்கு நான் பையத் தயார் பண்ணிட்டேன். வேட்டி, துண்டு, ஃபிளாஸ்க் எல்லாம் எடுத்து வச்சாச்சு. அன்னைக்கு வெள்ளன எந்திரிச்சு, கிளம்புங்கன்னேன். இவுக சட்டையெல்லாம் போட்டு ரெடியாத்தான் இருந்தாக. வாசல்ல ஜெபராஜ் அண்ணன் நிக்கிறாரு. அந்த வாசலை மிதிச்சு எம்புட்டோ மாசம் ஆச்சு.

“வெட்டுனாப் போகாது பேச்சி”ன்னாக.

“எங்க போறீங்க?”

“அந்தப் பிள்ளை வீட்டுக்கு.”

“உங்களுக்கென்ன கிறுக்கா பிடிச்சிருக்கு? அங்க போனா அடிச்சுக் கொன்னு போட்டுருவான். முடிஞ்ச கேசைத் திரும்பத் தோண்டுவான். போகாதீங்க”ன்னு குறுக்க நின்னேன். சுகந்தி என் கையைப் பிடிச்சா. “விடும்மா”ன்னா. பெத்த மக, என் கையப் பிடிச்சு இழுத்து வழிவிட வைக்கிறா. இவுக இடுப்பைப் பிடிச்சுக்கிட்டே படியிறங்கிப் போயிட்டாக. அந்தப் பை கூடத்துலயே கிடந்துச்சு. நான் பகல் பூரா சோறாக்கல. போன் அடிச்சா எடுக்கப் பயம், அடிக்கலைன்னா அதைவிடப் பயம்.

அங்க என்ன நடந்துச்சுன்னு இவுக சொல்லல. சொல்ல வந்தாக. எனக்குச் சோலி கெடக்குன்னு அடுப்படிக்குப் போயிட்டேன். ஜெபராஜ் அண்ணந்தான் பிறகு சொன்னாரு. அந்தப் புருசங்காரரு இன்னும் காலை இழுத்துத்தான் நடக்குறாராம். உக்காருங்கன்னு சேரை இழுத்துப் போட்டாராம். பாப்பா அங்கதான் பாடம் எழுதிக்கிட்டு இருந்திருக்கு. இவுக அதுகிட்டக் கேட்டாகளாம், “அன்னைக்கு நீ பள்ளிக்கூடம் விட்டு வந்தப்ப வீடு பூட்டியிருந்துச்சே, எங்க இருந்தே?” அது யோசிச்சுச் சொல்லுச்சாம், “எதுத்த வீட்டு அத்தை வீட்ல இருந்தேன்.” “சாப்பிட்டியா?” “ம். உப்புமா குடுத்தாங்க. டிவி பாத்தேன்.” அவ்வளவுதான் கேட்டாகளாம். உப்புமா சாப்பிட்டுச்சான்னு கேக்கவா ஆபரேஷனை விட்டுட்டுப் போறது? சொல்லுங்க.

சாயந்திரம் திரும்பி வந்தாக. வந்தவுக வாசக் குழாய்ல காலைக் கழுவுனாக. எப்படி? குத்துக்கால் போட்டு உக்காந்து. தாயி, ஐப்பசியில இருந்து கீழ உக்காராத மனுசன். உக்காந்து, ரெண்டு கையாலயும் காலைத் தேச்சுக் கழுவிட்டு, தானே எந்திரிச்சாக. கையை எதுலயும் ஊணல. சுகந்தி பாத்துட்டு வாயைப் பொத்திக்கிட்டு அழுகுறா. நான் சொன்னேன், நேத்துப் புதுசா ஒரு தைலம் தேச்சேன்ல, அது வேலை செய்யுது பாத்தியான்னு. அவ என்னைய முறைச்சுட்டு உள்ள போயிட்டா. நெசமாவே நல்ல தைலம். நீங்க வேணும்னா பேரு சொல்றேன்.

ஆனா பாருங்க, மறுநாள் காலையில திரும்பப் பிடிச்சுக்கிருச்சு. எந்திரிக்க முடியல. நான் சொன்னேன்ல, உடம்புன்னு? மனசா இருந்தா அங்க போயிட்டு வந்ததும் அத்தோட போயிருக்கணும்ல? இதை நான் டாக்டரம்மாகிட்டயே கேட்டேன். அவுக சிரிச்சாக. “போயிட்டுத்தான் வரும், வந்துட்டுத்தான் போகும். கொஞ்சம் கொஞ்சமாக் குறையும்”னாக. குறைஞ்சிருக்கு, இல்லைன்னு சொல்லல. டீக்கடை வரைக்கும் நடக்குறாக. டெப்போவுல உக்காந்து வேலை பாக்குறாக. இன்னைக்கு இங்க வரும்போது பஸ்ல டிரைவருக்குப் பின்னால இருக்குற சீட்டுல உக்காந்து வந்தாக. அந்த இடம் வந்தப்ப என் கையைப் பிடிச்சுக்கிட்டாக. வேர்த்துச்சு. ஆனா எந்திரிச்சு இறங்கணும்னு சொல்லல.

எனக்கு ஒரே ஒரு வருத்தந்தான். இந்த ரூம்புல ஆலோசனை சொல்றது ஒரு சின்னப் பொண்ணு. சுகந்தியவிட நாலஞ்சு வயசு கூட இருக்கலாம். அதுகிட்ட வாரா வாரம் உக்காந்து பேசுறாக. என்னத்தைப் பேசுறாக? கூடவே இருந்து ஆக்கிப் போட்டு, கையைப் பிடிச்சு எந்திரிக்க வச்சு, ஊரோட சண்டை போட்டது நானு. எனக்குச் சொல்லாததை, யாரு எவருன்னு தெரியாத பொண்ணுகிட்டச் சொல்றாக. ஒரு வார்த்தை என்கிட்டச் சொன்னாகளா? சொல்ல வந்தா நான் என்ன, வேணாம்னா சொல்லப் போறேன்?

இருங்க, கதவு தொறக்குது. அவுகதான். பாருங்க, எதையும் பிடிக்காம நிக்கிறாக.

என்னங்க? முடிஞ்சதா? என்னையவா? எனக்கு என்ன, நான் நல்லாத்தானே இருக்கேன். என்னைய எதுக்குக் கூப்பிடுறாக?

சரி, சரி, வர்றேன். நீங்க உள்ள போய் உக்காருங்க. நின்னுக்கிட்டு இருக்காதீங்க. இந்தா வந்துட்டேன்.

கேட்டீங்களா தாயி, உனக்கு ஒண்ணும் இல்ல பேச்சி, எனக்குத்தான், உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்னு இருக்கேங்குறாக. என்ன சொல்லப் போறாகன்னு எனக்குத் தெரியும். அந்தச் சாவி. அந்தப் பிள்ளை திருப்பித் திருப்பிச் சொன்னது. எனக்குத் தெரியும்னு அவுகளுக்குத் தெரியாது. இப்ப நான் உள்ள போய், முத முறையாக் கேக்குற மாதிரி உக்காந்து கேக்கணும். நடுவுல பேசக்கூடாது. அவுக வாயால அதைக் கேக்க என்னால முடியுமான்னு தெரியல. ஜெபராஜ் அண்ணன் சொன்னப்ப அது யாரோ சொன்ன செய்தி. இவுக சொன்னா, இவுக குரல்ல வரும்ல?

போறேன். போகாம முடியுமா? அங்க தண்ணி எங்க இருக்குன்னு தெரியுமா தாயி? ஒரு மடக்குக் குடிச்சுட்டுப் போறேன். தொண்டையில என்னமோ அடைச்சுக்கிட்டு இறங்க மாட்டேங்குது. காலையில பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு இட்லிய மெல்லாம முழுங்குனேன், அது அங்கனயே நிக்கிது.